விந்தில் ரத்தம்: ஒரே மாதத்தில் வந்த இரண்டு பேர்

விந்தில் ரத்தம் வருகிறது என்று ஒரே மாதத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவருக்கு 34 வயது, இன்னொருவருக்கு 57. இளையவர் ஐந்து வாரமாகச் சரியாகத் தூங்காமல், தனக்குப் புற்றுநோய்தான் என்று முடிவே கட்டிவிட்டு வந்தவர். பெரியவர் மூன்று மாதமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் பொருட்படுத்தாதவர், மனைவி விடாமல் நச்சரித்ததால் வந்தார். கடைசியில் இளையவருக்கு எந்த நோயும் இல்லை. பெரியவருக்குப் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஆண்களின் சுரப்பி) புற்றுநோய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது பிடிபடும், அதனால் சேர்த்தே எழுதுகிறேன். இருவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

முதல் நோயாளி

அவர் நெஞ்செரிச்சல் என்று சொல்லித்தான் வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மருந்து எழுதி, சீட்டைக் கையில் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர், இன்னொன்னு கேக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எதுவா இருந்தாலும் சொல்லுங்க, அவசரமே இல்ல."

"விந்து வரும்போது ரத்தம் வருது டாக்டர்."

சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. இப்படிக் கிளம்பும் நேரத்தில், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு வரும் கேள்விதான் அந்த நோயாளி உண்மையில் வந்த காரணம். நெஞ்செரிச்சல் வெறும் சாக்கு. மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், சீட்டைக் கொடுத்த பிறகும் ஒரு நிமிடம் பொறுத்திருங்கள் என்று.

ஐந்து வாரத்துக்கு முன் முதல்முறை பார்த்திருக்கிறார், பளிச்சென்ற சிவப்பு. மூன்று நாள் கழித்து மறுபடி, இந்தத் தடவை செம்பழுப்பு. அந்த வாரக் கடைசியில் மூன்றாம் முறை, துருப்பிடித்த இரும்பின் நிறம், அளவும் குறைவு. அதோடு பயந்துபோய் உடலுறவு, சுய இன்பம் இரண்டையும் அடியோடு நிறுத்திவிட்டார். மூன்று வாரத்துக்கும் மேல் நிறுத்திவைத்துவிட்டு, சரியாகியிருக்கும் என்று நம்பிப் பார்த்தபோது நான்காம் முறையாக அடர் பழுப்பில், நடுவே சின்னச் சின்னத் துணுக்குகளோடு வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் இது புற்றுநோய் என்று தீர்மானித்தாராம். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஏதோ காரணம் சொல்லி விலகியே இருந்திருக்கிறார். நடுவில் வீட்டில் மிச்சமிருந்த ஏதோ ஓர் ஆன்டிபயாட்டிக்கை மூன்று நாள் விழுங்கியிருக்கிறார்.

நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவது பயன்படும், ஏனென்றால் இந்தப் பிரச்சினையில் பாதி விடை கேள்விகளிலேயே கிடைத்துவிடும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா, சிறுநீரில் ரத்தம் உண்டா, விந்து வெளியேறும்போது வலிக்கிறதா, அடிவயிற்றிலோ விரைகளிலோ வலியா, காய்ச்சல் வந்ததா. ஆணுறுப்பில் சீழ் மாதிரி எதுவும் வடிந்ததா, புதிய துணையோடு உறவு இருந்ததா. இடுப்புப் பகுதியில் அடிபட்டதா, கருத்தடை அறுவைச் சிகிச்சையோ அந்தப் பகுதியில் வேறு எந்தச் சிகிச்சையோ நடந்ததா. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, பல் துலக்கினால் ரத்தம், அடிக்கடி மூக்கில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் கன்றிப்போவது உண்டா. காசநோய் வந்திருக்கிறதா, வீட்டில் யாருக்காவது இருந்ததா. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது.

இன்னொரு கேள்வி உண்டு, பலர் கேட்க மறப்பது: அந்த ரத்தம் உங்களுடையதுதான் என்று எப்படித் தெரியும்? உறவுக்குப் பிறகு விரிப்பில் பார்த்தது என்றால் அது துணையின் ரத்தமாகவும் இருக்கலாம், அப்படியிருந்தால் பரிசோதனை தேவைப்படுவது அவருக்கு. சந்தேகம் இருந்தால் ஆணுறை போட்டுப் பார்த்தால் போதும், உள்ளே சேர்ந்த விந்து என்ன நிறம் என்பதில் தெரிந்துவிடும். இவர் தனியாக இருக்கும்போதும் பார்த்திருக்கிறார் என்பதால் இவருடையதுதான்.

ரத்த அழுத்தம் 158/98. கால் மணி நேரம் பேசிவிட்டு மறுபடி பார்த்தேன், 134/86. பயத்தில் ஏறியிருந்தது. ஆனாலும் விந்தில் ரத்தம் என்று வரும் யாருக்கும் ரத்த அழுத்தம் பார்க்காமல் அனுப்பக் கூடாது, ஏனென்றால் கட்டுப்பாடில்லாத உயர் ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, சிலருக்குத் தனக்கு அழுத்தம் இருப்பதே இப்படித்தான் தெரியவரும். வயிறு, ஆணுறுப்பின் நுனி, இரண்டு விரைகள், விரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சுருள் குழாய் எல்லாம் தொட்டுப் பார்த்தேன், கட்டி இல்லை, வலி இல்லை. ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டையும் பார்த்தேன். வழவழப்பாக, மெத்தென்று இருந்தது. அரை நிமிட வேலைதான், அதற்குத்தான் எல்லோரும் கூசுகிறார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர், கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளுக்கு முதலில் வரும் சிறுநீரில் செய்யும் பரிசோதனை, எச்ஐவி, சிபிலிஸ், ரத்தத் தட்டணுக்கள், ரத்தம் உறையும் நேரம். இவ்வளவுதான் எழுதினேன். அவருக்கு ஏமாற்றம்.

"எம்ஆர்ஐ எடுக்க வேணாமா டாக்டர்? பிஎஸ்ஏ?"

வேண்டாம் என்றேன், காரணத்தையும் சொன்னேன். 40 வயதுக்குக் கீழே, வேறு அறிகுறி இல்லாமல், பரிசோதனையில் எதுவும் தட்டுப்படாமல் வரும் ரத்தத்துக்குப் பின்னால் புற்றுநோய் இருப்பது மிக மிக அரிது. பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு புரதம், புற்றுநோயில் கூடும், ஆனால் தொற்று இருந்தாலும் கூடும், விந்து வெளியேறிய ஓரிரு நாளுக்குள் எடுத்தாலும் கொஞ்சம் கூடும். தேவையில்லாத வயதில் எடுத்து, எண் லேசாக ஏறியிருந்தால், அது இன்னொரு ஸ்கேன், அப்புறம் பயாப்சி (ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்று இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பயாப்சியே விந்தில் ரத்தம் வரவைக்கும்.

நிறம் சொன்ன கதை

இவருடைய பயத்தின் மையம் ஒன்றுதான்: நான்கு தடவை வந்துவிட்டது, நிற்கவே இல்லை. நான் அந்த நான்கு நிறங்களையும் காகிதத்தில் வரிசையாக எழுதிக் காட்டினேன். பளிச்சென்ற சிவப்பு, செம்பழுப்பு, துரு, அடர் பழுப்பு. புது ரத்தம் சிவப்பு, பழைய ரத்தம் பழுப்பு. முதல் தடவைக்குப் பிறகு சிவப்பு வரவே இல்லை. ஆக, நான்கு ரத்தக்கசிவு இல்லை, ஒரே ஒரு கசிவு நடந்து, தேங்கிய ரத்தம் நான்கு தவணையில் வெளியேறியிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

இது ஏன் இப்படி என்று புரிய விந்து எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். பலர் விந்து முழுவதும் விரைகளில் உண்டாகிறது என்று நினைக்கிறார்கள். விரையிலிருந்து வருவது உயிரணுக்கள்தான், அளவில் மிகச் சிறு பங்கு. மீதியில் பெரும்பகுதி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு விந்துப்பைகளில் சுரக்கிறது, அடுத்த பங்கு புராஸ்டேட்டில். இந்தத் திரவமெல்லாம் புராஸ்டேட்டுக்குள் போகும் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகவும் புராஸ்டேட்டின் சிறு துவாரங்கள் வழியாகவும் சிறுநீர்க்குழாயில் வந்து சேர்கிறது. இந்த வழியில் எங்காவது ஒரு சின்ன ரத்தக்குழாய் வெடித்தால் போதும். ஒரு தடவை வெளியேறும் விந்து பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிதான், அதில் இரண்டு சொட்டு ரத்தம் கலந்தாலே மொத்தமும் சிவந்துவிடும், பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். விந்துப்பையோ உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு பை. அதில் கசிந்த ரத்தம் வெளியேறாமல் தங்கினால் நாள்பட்டுக் கருக்கும், துணுக்காகவும் ஆகும். இவர் மூன்று வாரம் நிறுத்திவைத்ததால்தான் நான்காம் தடவை இருப்பதிலேயே மோசமான நிறத்தில் வந்தது. பயத்தால் செய்தது பயத்தைக் கூட்டியது.

எனவே நான் சொன்னது, நிறுத்திவைக்க வேண்டாம். பால்வினைத் தொற்றுப் பரிசோதனை முடிவு வரும்வரை ஆணுறை போடுங்கள், அப்புறம் இயல்பாக இருங்கள், ஒவ்வொரு முறையும் தேதியும் நிறமும் மட்டும் குறித்து வையுங்கள், மிச்சமான ஆன்டிபயாட்டிக்கைத் தொடாதீர்கள். கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அரைகுறையாக மூன்று நாள் விழுங்கினால் தொற்று இருந்தாலும் தீராது, ஆனால் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போய்விடும். உண்மையான புராஸ்டேட் தொற்றுக்கு எந்த மருந்து, எத்தனை வாரம் என்பது வேறு கணக்கு.

முடிவுகள் எல்லாம் சரியாக இருந்தன. மூன்று வாரம் கழித்து வந்தார், அடுத்த இரண்டு தடவை வெளிர் பழுப்பு, அதற்கடுத்து இயல்பான நிறம். "அப்ப என்ன காரணம்?" என்று கேட்டார். குறிப்பிட்ட காரணம் கிடைக்கவில்லை என்றேன். இதைக் கேட்பது நோயாளிக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பிரச்சினையில் கணிசமான பேருக்குக் காரணம் கிடைக்காமலே ரத்தம் நின்றுவிடுகிறது, மருத்துவர் கவனிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

காரணம் கிடைக்கிறவர்களில்

தொற்றும் அழற்சியும்தான் முன்வரிசையில், இளவயதில் குறிப்பாக. புராஸ்டேட், விந்துப்பை, சிறுநீர்க்குழாய், விரை ஒட்டிய குழாய், எதில் வேண்டுமானாலும் வரலாம். கிளமிடியா, கொனோரியா, ஹெர்ப்பீஸ் போன்ற பால்வினைத் தொற்றானால் துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும், ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டால் திரும்பத் திரும்ப வரும். காசநோய் நுரையீரலில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம், பிறப்புறுப்புப் பாதையிலும் வரும். வழக்கமான கல்ச்சரில் கிருமி இல்லை, ஆனால் சிறுநீரில் சீழணுக்கள் மட்டும் தொடர்ந்து தெரிகின்றன என்றால் அதை நினைத்தே ஆக வேண்டும்.

அடுத்து மருத்துவத்தால் வருவது. புராஸ்டேட் பயாப்சிக்குப் பிறகு விந்தில் ரத்தம் வருவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று, சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட நீடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால் அந்த மனிதர் படும் பாடு கொஞ்சமல்ல. கருத்தடை அறுவைச் சிகிச்சை, புராஸ்டேட் கதிர்வீச்சு ஆகியவற்றுக்குப் பிறகும் வரலாம். விந்துப்பையிலோ குழாயிலோ சிறு கற்கள், நீர்க்கட்டி, சிறுநீர்க்குழாயின் பின்பகுதியில் புடைத்த ரத்தக்குழாய்கள், ரத்தம் உறைவதில் கோளாறு, கல்லீரல் நோய் என்று பட்டியல் நீளும், அவை எல்லாவற்றையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. தொடர்ந்து வந்தால் தேடுவதற்கு யூராலஜி (சிறுநீர்ப் பாதை) மருத்துவரிடம் ஸ்கேனும் எம்ஆர்ஐயும் இருக்கின்றன. சுய இன்பத்தால் வந்த தண்டனையோ என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. இல்லை. யாரும் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாம் நோயாளி

57 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம், ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். மூன்று மாதமாக விட்டு விட்டு விந்தில் ரத்தம். அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியமே இதுதான்: "ரத்தம் நீர்க்கிற மாத்திரை சாப்பிடுறேன்ல, அதான். இவதான் கேக்க மாட்டேங்குறா."

நானும் ஒரு கணம் தலையாட்டத்தான் போனேன். விளக்கம் கையிலேயே இருக்கும்போது அதற்கு மேல் யோசிக்காமல் இருப்பது மனித சுபாவம். ஆனால் அவர் மனைவி, "ரெண்டு வருஷமா அதே மாத்திரைதானே டாக்டர், இப்ப மட்டும் ஏன் வருது?" என்றார். அந்தக் கேள்வியைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டிருக்க முடியாது. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து கசிவை அதிகமாக்கும், நீட்டிக்கும். ஆனால் கசிவதற்கு உள்ளே ஓர் இடம் இருந்தாக வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே பரிசோதனை தேவை.

விசாரித்தபோது இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார் என்று தெரிந்தது, அதை வயசு என்று தள்ளிவிட்டிருந்தார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. புராஸ்டேட்டை விரலால் பார்த்தபோது வலது பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு கெட்டியான இடம் தட்டுப்பட்டது. சிறுநீரில் தொற்று இல்லை. பிஎஸ்ஏ எடுக்க இரண்டு நாள் விந்து வெளியேற்றாமல் இருக்கச் சொல்லி எடுத்தோம், 11.2, அதிகம்தான். முடி கொட்டுவதற்கோ புராஸ்டேட் வீக்கத்துக்கோ ஃபினாஸ்டரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்டேன். அது பிஎஸ்ஏ எண்ணைச் சில மாதங்களில் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும், கேட்காவிட்டால் ஏமாந்துபோவோம். அவர் சாப்பிடவில்லை.

யூராலஜி மருத்துவரிடம் அனுப்பினேன். எம்ஆர்ஐயில் அதே இடத்தில் சந்தேகமான புள்ளி, பயாப்சியில் புற்றுநோய் உறுதியானது, அதன் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் அளவில் 3+4, அதாவது நடுத்தரம், புராஸ்டேட்டைத் தாண்டிப் பரவவில்லை. பயாப்சிக்காக ஆஸ்பிரினை என்ன செய்வது என்று இதய மருத்துவரிடம் கேட்டே முடிவெடுத்தார்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து தானாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு, ஸ்டென்ட் வைத்தவருக்கு அது விந்தில் வரும் ரத்தத்தைவிடப் பல மடங்கு ஆபத்து.

புராஸ்டேட்டில் இருந்த அந்தப் புற்றுநோய்தான் ரத்தத்தை வரவைத்ததா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ரத்தம் அவரைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தது என்பது மட்டும் நிச்சயம். வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்த 26,126 ஆண்களில் 139 பேருக்கு விந்தில் ரத்தம் இருந்தது, அவர்களில் 19 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். கவனியுங்கள், அவர்கள் அந்தப் பரிசோதனைக்கென்றே வந்த, வயதில் மூத்த ஆண்கள். இந்தக் கணக்கை 34 வயதுக்காரருக்குப் பொருத்தக் கூடாது, அவர் இணையத்தில் படித்துப் பயந்தது இப்படிப்பட்ட எண்களைப் பார்த்துத்தான். அதேபோல "பெரும்பாலும் ஒன்றும் இருக்காது" என்ற ஆறுதலை 57 வயதுக்காரருக்கும் அப்படியே கொடுக்கக் கூடாது.

எப்போது, எவ்வளவு சீக்கிரம்

ஒரே ஒரு தடவை வந்தாலும் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள் என்பதே என் கருத்து, எந்த வயதாக இருந்தாலும். ஆனால் அவசரத்தில் வித்தியாசம் உண்டு. 40-க்குக் கீழே, ஒரு தடவை, வேறு தொந்தரவு இல்லை என்றால் சில நாளில் வசதிப்படி போனால் போதும், ரத்த அழுத்தம், உடல் பரிசோதனை, சிறுநீர், தேவைப்பட்டால் பால்வினைத் தொற்றுப் பரிசோதனை, அத்தோடு முடிந்துவிடும். 40-ஐத் தாண்டியவர்கள், நிறம் தெளிந்த பிறகு மறுபடி புதுச் சிவப்பு வருகிறவர்கள், ஒரு மாதம் ஆகியும் தெளியாதவர்கள், தந்தைக்கோ சகோதரனுக்கோ புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள், உடல் எடை குறைகிறவர்கள், விரையில் கட்டி தட்டுப்படுகிறவர்கள், சிறுநீரிலும் ரத்தம் பார்ப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது, யூராலஜி மருத்துவர் வரைக்கும் போக வேண்டும். விரைப் புற்றுநோய் இளவயதில்தான் அதிகம் என்பதால் விரையில் கட்டி என்றால் வயதைப் பார்த்து ஆறுதல்பட முடியாது.

குளிரோடு காய்ச்சலும் அடிவயிற்று வலியும், சிறுநீரே போகாமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரில் ரத்தக்கட்டிகள், ஒரு விரையில் திடீரென்று தாங்க முடியாத வலி, அடிபட்ட பிறகு ரத்தம், இவை அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. இரவு என்று காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்குகிறவர்கள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடுங்கள். முதல் தடவை எந்தத் தேதி, எத்தனை தடவை, என்ன நிறம், என்னென்ன மாத்திரை. நான் அப்படிப்பட்ட காகிதங்களை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வேன், வாயால் சொல்வதைவிட அதில் தகவல் கூடுதலாகவே இருக்கும்.

பெரியவர் அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். புராஸ்டேட்டும் விந்துப்பைகளும் எடுக்கப்பட்ட பிறகு உச்சம் வந்தாலும் திரவம் வராது என்பதைக் கணவன், மனைவி இருவரையும் வைத்துக்கொண்டே முன்கூட்டிப் பேசினோம். ஒரு வருடம் ஆகிறது, பிஎஸ்ஏ கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது, தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இளையவர் மூன்றாம் முறை வந்தபோது மனைவியையும் அழைத்து வந்திருந்தார். எல்லாம் சொல்லிவிட்டாராம். அந்த ஐந்து வாரமும் தன்மேல் ஏதோ வெறுப்பு என்று நினைத்திருந்ததாக அவர் மனைவி சொன்னார். குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தவர்கள், இதனால் பாதிப்பு வருமா என்று கேட்டார்கள். இப்படி வந்துபோகும் ரத்தத்தால் பொதுவாகக் கருத்தரிப்பு பாதிக்கப்படாது என்றேன். அவருக்கு மட்டும் வீட்டிலேயே ஒரு வாரம் ரத்த அழுத்தம் எடுத்து எழுதிவரச் சொல்லி அனுப்பினேன், 158/98 என்ற அந்த முதல் எண் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.